எங்கள் தெருவுக்கு உஸ்பெக்கில் ஒரு வார்த்தை

என் ஆட்டோவில் ஏறுகிற வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே ரகம். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆசிரமம் என்பார்கள், குகை என்பார்கள், பால் கலக்காத காபி கிடைக்கும் இடம் என்பார்கள். அந்த அம்மா ஏறியதும் கண்ணை இன்னும் நன்றாகத் திறந்துகொண்டு, தினமும் வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்துவிட்டுத் தினமும் திரும்பிப் போகிற ஒரு மனிதரைக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

முதலில் போலீஸ் என்று நினைத்தேன். பிறகு பல்லைப் பார்த்தேன். மேல்வரிசையில் பாதி தங்கம். இவ்வளவு தங்கத்தை வாயில் வைத்துக்கொண்டு எந்தப் போலீஸும் ஆட்டோவில் போகாது. பெரிய பூப்போட்ட தொளதொள கவுன், பின்பக்கம் முடிச்சுப் போட்ட தலைத்துணி, சித்திரை வெயிலில் கம்பளிக் காலுறை, அதன்மேல் நம்ம ஊர் ரப்பர் செருப்பு. எந்த நாடு என்று கேட்டேன். உஸ்பெகிஸ்தான் என்றார். அது எங்கே இருக்கிறது என்றேன். வடக்கே கையை நீட்டினார். வேலூர் பக்கமா என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளி என்றார்.

அவருடைய மகள் ஆசிரமத்தில் மௌன விரதம் இருக்க வந்திருந்தாள். மாதக்கணக்கில் வாயைத் திறக்க மாட்டாளாம். துணைக்கு வந்த அம்மாவுக்கோ ஒரு சிக்னல் விழுகிற நேரம்கூட வாயை மூட முடியாது. அந்த வீட்டுக்கு விதித்த மொத்தப் பேச்சையும் இவர் ஒருவரே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு நான் கிடைத்தேன்.

அவருடைய இங்கிலீஷும் பஞ்சர், என்னுடையதும் பஞ்சர். இரண்டும் ஒரே இடத்தில் பஞ்சர் ஆகியிருந்ததால் வண்டி எப்படியோ ஓடியது. அவர் சொன்னதாக நான் இங்கே எழுதுவதில் பாதி அவர் சொன்னது, பாதி எனக்குப் புரிந்தது. எது எந்தப் பாதி என்று என்னைக் கேட்டுப் பயனில்லை.

அவர் ஊரில் காலேஜ் வாத்தியாராக இருந்தவர். மனிதர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள், எங்கே போய் நெருக்கியடிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு படிப்பு இருக்கிறதாம். மனிதப் புவியியல். இதற்கெல்லாமா காலேஜ், ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு நாள் நின்றால் போதாதா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் ஐந்தாம் வகுப்பிலேயே படிப்போடு சுமுகமாகப் பிரிந்துவிட்டவன், அதனால் வாயைத் திறக்கவில்லை. அந்தப் படிப்பின் இங்கிலீஷ் சொற்களுக்கெல்லாம் உஸ்பெக்கில் சொல் போட்டு ஓர் அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. அதில் மக்கள் குடியிருப்பது, இடம்பெயர்வது பற்றிய பகுதி இவருடைய பொறுப்பு. மகள் பேசாமல் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று கையோடு கொண்டுவந்திருந்தார்.

மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இவர் செய்தது இதுதான். ஒரு சொல் எந்த மாதிரி ஆளைப் பற்றியதோ, அந்த மாதிரி ஆள் ஒருவரை நேரில் பிடிப்பார். உங்களை இப்படிச் சொன்னால் சம்மதமா என்று கேட்பார். அந்த ஆள் சம்மதித்தால்தான் சொல் ஏறும். இல்லையென்றால் அடித்துவிட்டு வேறு சொல். சொல் உஸ்பெக்கில் இருக்கிறது, சம்மதம் சொல்ல வேண்டியவர் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு ஒரு தடையே இல்லை. எந்த ஊர் ஆளாக இருந்தால் என்ன, ஆள்தானே என்பார்.

முதல் நாள் அவரை பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோனேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை வேன் வந்து நின்றது. மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் இறங்கினார். அம்மா அவர் எதிரே போய் நிற்க, நான் நடுவில் நின்று விளக்கினேன். இவரை மாதிரி தினமும் போய்வருகிறவர்களை அவர்கள் நாட்டுப் பாடப்புத்தகத்தில் கடிகார ஊசல் மாதிரி இங்கும் அங்கும் ஆடுகிறவர்கள் என்று சொல்கிறார்களாம், உங்களுக்குச் சம்மதமா. அவர் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். காத்தாலயே போட்டுகினு வந்துட்டியா என்று கேட்டார். இல்லீங்க, படிப்பு விஷயம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் எங்கங்க ஆடறேன்? வேன்தான் ஆடுது. நான் கம்பியப் புடிச்சிகினு நிக்கிறேன்."

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நோட்டில் ஊசல் என்ற சொல்லை அடித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறவர் என்ற அர்த்தத்தில் வேறு ஏதோ எழுதினார். அந்த அகராதியை நம்பிப் பரீட்சை எழுதப்போகிற உஸ்பெக் பிள்ளைகளை நினைத்து எனக்கு அன்றைக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

என்னை அவர் 'அகா' என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னைவிட மூத்தவர்தான், மரியாதைக்கு அப்படி. ஆனால் ஸ்டாண்டில் இருந்தவர்கள் காதில் அது அக்கா என்று விழுந்தது. மீசை வைத்த அக்கா என்று எனக்குப் பேராகிவிட்டது. என் மனைவி செல்விகூட ஒரு வாரம் அப்படியே கூப்பிட்டாள். சண்டை வந்தபோது மட்டும் பழைய பேர்களுக்குத் திரும்பினாள்.

கம்மி என்றால் அம்மாவுக்குப் புரியும். பஜார், தயார், மைதானம் எல்லாம் புரியும். ஒருநாள் நல்ல வெயிலில் வண்டி நின்றுபோனது. சரியான பேஜார் என்று தலையில் கை வைத்தேன். அவர் பின் சீட்டிலிருந்து குதித்து இறங்கினார். அவர்கள் ஊரிலும் சலித்துப்போனால் அதே சொல்லைத்தான் சொல்வார்களாம். எதிலும் சம்பந்தமில்லாத இரண்டு ஊர்கள் ஒரே சொல்லில் சலித்துக்கொள்கின்றன என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், வண்டியைத் தள்ளுவதற்குக்கூட உதவி செய்தார். எனக்கு உஸ்பெக் தெரியும் என்று அன்றிலிருந்து ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெரிந்தது மொத்தம் ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அவர்கள் ஊரில் பெரிய அவமரியாதை. பரோட்டா கடைக்கு அழைத்துப்போனேன். தட்டில் பரோட்டா விழுந்ததும் இதில் எது மேல்பக்கம் என்று மாஸ்டரிடம் கேட்கச் சொன்னார். மாஸ்டர் தன் வாழ்நாளில் அதை யோசித்ததில்லை. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் என்றார். அம்மா ஏற்கவில்லை. பரோட்டாவையே கேட்டிருப்பார், அது பேசாது என்பதால் விட்டார். அதன் பிறகு மாஸ்டர் அவருக்கென்று வரும் பரோட்டாவில் மட்டும் ஒரு பக்கத்தைத் தானே முடிவு செய்து, அதில் விரலால் ஒரு குழி போட்டு அனுப்புவார்.

மக்கள் நெருக்கம் என்பதற்குச் சொல் தேடினபோது பௌர்ணமிக்கு வாருங்கள் என்றேன். கிரிவலப் பாதையில் ஓரமாக நிறுத்தினேன். ஒரு குடும்பத்தைச் சம்மதம் கேட்க ஓர் அடி உள்ளே வைத்தார். கூட்டம் அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மலையை முழுக்கச் சுற்றி அதே இடத்தில் கரையேறினார். காலில் செருப்பு இல்லை, நெற்றி நிறைய விபூதி, கையில் யாரோ கொடுத்த சுண்டல். வழி நெடுக எல்லோரிடமும் கேட்டாராம். ஒருவர்கூட நெருக்கம் என்பதை ஒத்துக்கொள்ளவில்லையாம். இந்த மாசம் கூட்டம் கம்மி என்றுதான் சொன்னார்களாம்.

இப்படி ஊரார் சம்மதத்தைச் சேகரித்துக்கொண்டு திரிந்தவர், ஒருநாள் சர்க்கார் நிலத்தில் பட்டா இல்லாமல் மக்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிற தெரு ஒன்றைக் காட்ட முடியுமா என்றார். ரொம்ப தூரம் போக வேண்டாம் மேடம், நான் தினமும் அதில்தான் தூங்குகிறேன் என்றேன்.

எங்கள் தெரு அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. புறம்போக்கு. வீடு எங்களுடையது, அதன் கீழே இருக்கிற தரை சர்க்காருடையது. பட்டா கேட்டு மனு போடுவது எங்கள் தெருவில் தீபாவளி, பொங்கல் மாதிரி தவறாமல் வருகிற விசேஷம். அதை நடத்துகிறவர் ஏகாம்பரம். கிரிவலப் பாதையில் தேங்காய், கற்பூரம் விற்பது அவருக்குப் பகுதிநேரத் தொழில், மனு எழுதுவது முழுநேரம். யாரும் தேர்ந்தெடுக்காமலே எங்களுக்குத் தலைவர் ஆனவர்.

வெளிநாட்டு அம்மா நம் தெருவைப் பார்க்க வருகிறார், நம்மைப் பற்றி அவர்கள் புத்தகத்தில் ஒரு சொல் போடப்போகிறார் என்று அவரிடம் நான்தான் போய் சொன்னேன். ஏகாம்பரம் உரித்துக்கொண்டிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"இன்னா வார்த்த போடப்போறாங்கன்னு கேட்டியா?"

"இன்னும் முடிவு பண்ணலண்ணா."

"டேய் குமாரு, வெளிநாட்டு புக்குல ஏறுறது சும்மா இல்ல. நல்ல வார்த்தையா ஏறிச்சின்னா அதுவே நமக்கு பட்டா மாதிரி. தப்பா ஏறிச்சின்னு வையி, நாளைக்கு அதக் காட்டியே நம்மளத் தூக்குவாங்க."

அன்றிலிருந்து தெருவில் பேச்சு இது ஒன்றுதான். எங்களில் ஒருவரும் பார்க்கப்போகாத புத்தகத்தில், ஒருவருக்கும் தெரியாத மொழியில், எங்களுக்கு என்ன சொல் விழப்போகிறது. நீங்கள் சிரிக்கலாம். பட்டா இல்லாத வீட்டில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். எங்கள் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால், சோறு வடிக்கிறவள் கரண்டியோடு வாசலுக்கு வந்து நிற்பாள்.

நல்ல சொல் வாங்குவது எப்படி என்பதில்தான் தகராறு. தெரு பார்க்க டவுன் மாதிரி இருந்தால் கௌரவமான சொல் கிடைக்கும் என்றார் ஏகாம்பரம். எதிர்வரிசையில் இருக்கிற மாணிக்கம் அவருடைய மச்சான், குழாய் வேலை பார்க்கிறவர். அவர் கட்சி வேறு. வசதியாகத் தெரிந்தால் உங்களுக்கெல்லாம் எதுக்கு பட்டா என்று கேட்பார்கள், பாவமாகத் தெரிய வேண்டும் என்றார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏகாம்பரத்தின் கிழக்கு வரிசை டவுன் ஆவது, மாணிக்கத்தின் மேற்கு வரிசை பரம ஏழை ஆவது என்று அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மேற்கு வரிசைக்காரர்கள் ஃப்ரிட்ஜ், பைக், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் மறைக்க வேண்டியிருந்தது. எங்கே மறைப்பது? எதிர் வீட்டில்தான். எல்லாம் தெருவைக் கடந்து கிழக்கு வரிசைக்குப் போயின. அதனால் கிழக்கு தானாகவே டவுன் ஆனது. பதிலுக்குக் கிழக்கு வரிசைக்காரர்கள் தங்கள் கிழிந்த பாய், ஓட்டை வாளி, ஒரு பக்கம் சாய்ந்த கட்டில், இருமுகிற ஒரு பெரியவர் ஆகியவற்றை மேற்குக்கு இரவல் கொடுத்தார்கள். பெரியவருக்கு இடமாற்றம் பிடித்திருந்தது, அங்கே நிழல் ஜாஸ்தி. கிழக்கில் கதவுக்குக் கதவு நம்பர் எழுதினார்கள். எல்லோருக்கும் ஒன்றாம் நம்பரே வேண்டும் என்றதால் முதலில் ஒன்று, பிறகு ஒன்று ஏ, ஒன்று பி என்று அது பாட்டுக்குப் போனது. நாய் படுக்கிற வேப்பமரத்தில் பூங்கா என்று அட்டை தொங்கியது. கல்யாண வீட்டு சீரியல் பல்பு பட்டப்பகலில் எரிந்தது.

என் வீடு முனையில் இருப்பதால் இரண்டு கட்சிக்கும் சொந்தமானது. ஒரு பக்கம் செல்வி கலர் கோலம் போட்டாள். இன்னொரு பக்கம் ஏழையாக உட்காரும் பொறுப்பு எனக்கு. கிழிந்த லுங்கி தேட வேண்டியிருக்கவில்லை, கட்டியிருந்ததே போதும் என்று மாணிக்கம் சொல்லிவிட்டார்.

என் நண்பன் ஒருவனின் ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினார். தெரு நடுவில் நின்று இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். மறுபடியும் இடது. தங்கப் பல் அத்தனையும் தெரிந்தது. ஒரே இடத்தில் வசதி ஒரு பக்கமும் வறுமை ஒரு பக்கமும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து கிடப்பதற்கு ஒரு சொல் உண்டாம். உலகமெல்லாம் தேடினாலும் இவ்வளவு சுத்தமான உதாரணம் கிடைக்காதாம். நாற்காலி போடச் சொல்லிவிட்டார்.

நேரே மாணிக்கத்திடம் போனார். எதிரே இருக்கிறவர்கள் உங்களை ஒதுக்குகிறார்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மாணிக்கத்துக்குச் சின்ன வயதிலிருந்தே தெருக்கூத்தில் ஆசை. குரல் தழுதழுக்க, ஒரு வாய் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள், எங்கள் நிழல் அவர்கள் வாசலில் விழக்கூடாது என்று ஆரம்பித்தார். நானே கொஞ்சம் கண் கலங்கினேன். அவருடைய சொந்த அக்கா, ஏகாம்பரத்தின் மனைவி, எதிர்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, காத்தால எந்தூட்ல இட்லி துன்ன?"

"நீ சும்மா இருக்கா. வேல நடக்குது."

"இன்னா வேல? தண்ணி தர்லியா நானு? மொதல்ல உன் ஃப்ரிட்ஜ எட்த்துகினு போ. கரண்டு எங்க மீட்டர்ல ஓடுது."

அவ்வளவுதான். எங்கள் ஏழ்மையும் எங்கள் டவுனும் ஒரே நேரத்தில் கலைந்தன. பைக்குகள் மேற்கே போயின, பாய்கள் கிழக்கே வந்தன. பெரியவர் மட்டும் வரமாட்டேன் என்றார். மாணிக்கமும் அவர் மகனும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் வந்தபோது அம்மா கையை உயர்த்தினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஏகாம்பரம் மனு வாசிக்கிற குரலில் பட்டா, ஜீப், சொல் எல்லாவற்றையும் சொன்னார். நான் இங்கிலீஷில் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவர் பிறந்தது ஒரு மலைக் கிராமம். படித்த காலத்தில் அந்தக் கிராமம் பாடப்புத்தகத்தில் ஒரு சொல்லுக்கு உதாரணமாக வந்திருந்தது. இனி தேற வழியில்லாத ஊர் என்று அர்த்தம் வருகிற சொல். வகுப்பில் எழுந்து அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தார், மார்க்கும் வாங்கினார். அந்தச் சொல் விழுந்த பிறகு அந்த ஊருக்கு பஸ் நின்றது. பிறகு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு லாரிகள் வந்து ஆட்களை ஏற்றிக் கீழே பருத்திக் காட்டில் இறக்கிவிட்டன. அவருடைய அப்பா சாகிறவரை கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். அப்படி எழுதினவன் நம்ம ஊருக்கு எப்போது வந்தான், நான் அவனைப் பார்க்கவே இல்லையே.

 மாணிக்கமும் மகனும் ஃப்ரிட்ஜைக் கீழே வைக்க மறந்து, தூக்கியபடியே நின்றார்கள்.

எங்களை மாதிரி இடத்துக்கு அவர்கள் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது என்று அம்மா சொன்னார். தன் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொண்ட இடம் என்று அர்த்தமாம். அதை எழுதச் சொல்லித்தான் அகராதிக்காரர்கள் கேட்கிறார்கள், உங்களுக்குச் சம்மதமா என்றார். சம்மதமில்லை என்று ஏகாம்பரம் சொன்னது, நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் என்ன சொல் என்றார். ஏகாம்பரம், 'அண்ணாமலை நகர் விரிவு' என்று போடச் சொன்னார். மாணிக்கம் ஃப்ரிட்ஜின் பின்னாலிருந்து, ஏழைகள்னு ஒரு வார்த்த வந்தா நல்லது என்றார். செல்வி கோலப்பொடி டப்பாவை மூடிவிட்டு வந்தாள்.

"நாங்க ஒண்ணும் புடிச்சிக்க வர்ல மேடம். எங்க மாமனாரு கல்லு ஒடைக்க வந்தாரு, இங்கயே இருந்துட்டாரு. ஆளுங்க மொதல்ல வந்துட்டோம். பேப்பருதான் இன்னும் வர்ல. அவ்ளோதான்."

என் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அப்போதுதான். பயம் காரணம், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா நெடுநேரம் எழுதினார், அடித்தார், எழுதினார். பிறகு படித்துக் காட்டினார். காகிதத்துக்கு முந்தின மஹல்லா. மஹல்லா என்பது வேலூர்ப் பக்கம் சொல்கிற மொஹல்லாதான், பத்து வீடு சேர்ந்து ஒருவரை ஒருவர் தெரிந்து வாழ்கிற தெரு. அதற்கு விளக்கமும் எழுதினார், காகிதம் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்ட இடம் என்று. வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் தலையாட்டலில் எது ஆமாம், எது இல்லை என்று அவருக்குக் குழப்பம், அதனால் ஒவ்வொருவரையும் வாய் திறந்து சொல்ல வைத்தார். மாணிக்கம் ஃப்ரிட்ஜை வீட்டில் இறக்கி, கரண்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

அகராதிக்காரர்கள் சம்மதிக்கவில்லை. மறுநாள் என் ஆட்டோவில் வரும்போது போனில் ஒரு டை கட்டிய மனிதர் தோன்றினார். இருவரும் கத்தினார்கள். எனக்குத் தெரிந்த உஸ்பெக்கில் மஹல்லா பலமுறை வந்தது, பேஜார் ஒருமுறை வந்தது. யாருக்கு யாரால் பேஜார் என்று தெரியவில்லை. சட்டத்தில் இருக்கிற சொல்லை எழுதாவிட்டால் மொத்தப் பகுதியையும் வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்களாம். அம்மா போனை அணைத்துவிட்டு, அந்த வெயிலில் முதல்முறையாகக் கம்பளிக் காலுறையைக் கழற்றினார். இவ்வளவு கோபம் எனக்கு வந்திருந்தால் நான் சட்டையைக் கழற்றியிருப்பேன்.

கொஞ்ச நாளில் மகளின் மௌனம் முடிந்தது. ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் வருகிற இடம்வரை இருவரையும் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் மகள் ஓயாமல் பேசினாள். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சொல் நிற்குமா மேடம் என்று கேட்டேன். தெரியாது அகா என்றார்.

அடுத்த வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. புத்தகத்தின் பக்கம். கூடவே அவர் குரல். இரண்டு சொல்லும் அச்சாகியிருக்கிறதாம். மேலே தடித்த எழுத்தில் சட்டத்துச் சொல். அதற்குக் கீழே மெல்லிசு எழுத்தில் எங்கள் சொல்லும் விளக்கமும். இதற்கே பெரிய சண்டையாம்.

ஏகாம்பரம் அதைக் கலர் பிரிண்டு எடுத்து அடுத்த மனுவோடு பின் அடித்தார். தடித்த எழுத்தைக் கத்தரித்துவிடலாம் என்றார் மாணிக்கம். கத்தரித்தால்தான் சந்தேகம் வரும் என்றாள் செல்வி.

மனு கொடுக்க நானும் கூடப் போனேன். மனு வாங்குகிற அதிகாரி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். என்ன பாஷை என்றார். ஏகாம்பரம் சொன்னார். மனுவில் வைப்பதென்றால் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும், இந்தப் பாஷை யாருக்குத் தெரியும் என்றார் அதிகாரி. ஏகாம்பரம் என்னைக் காட்டினார். ஸ்டாண்டில் நான் அடித்த பெருமையெல்லாம் அந்த ஒரு விரலில் வந்து முடிந்தது.

வெளியே போய், யாரோ ஒருவரின் பைக் சீட்டில் பேப்பரை வைத்து எழுதினேன். நடுவில் செல்விக்குப் போன் போட்டு நீ சொன்னதைத்தான் எழுதுகிறேன் என்றேன். எழுது, தப்பில்லாம எழுது என்றாள். கீழே மொழிபெயர்த்தவர் என்று என் பேர் போட்டு, தகுதி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஆட்டோ என்று எழுதினேன்.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கெட்டிக்காரர்.

"மேல தடிசா ஒண்ணு இருக்கே, அத எழுதலியா?"

 ஏகாம்பரம் என் முதுகில் விரலால் குத்தினார்.

"அதுக்குத் தமிழ்ல வார்த்த இல்லீங்க சார்" என்றேன்.

 அவர் நான் எழுதினதைச் சத்தமாகப் படித்தார். காகிதம் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்ட இடம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன், காகிதம் இன்னும் வரலியா?"

பக்கம் பக்கமாக மனு எழுதுகிற ஏகாம்பரத்துக்கு அன்றைக்கு ஒரே வரிதான் வந்தது.

"அதுக்குத்தாங்க வந்துருக்கோம்."

அதிகாரி முத்திரையை மையில் ஒற்றி, உஸ்பெக் பக்கத்தின் மேல் ஓங்கி ஒன்று வைத்தார். அது தடித்த எழுத்தின் மேலேயே போய் விழுந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி உஸ்பெக்காரர்கள் வந்தால்கூடப் படிக்க முடியாது. மெல்லிசு எழுத்து மட்டும் கீழே அப்படியே இருந்தது.